ஷூ கம்பெனி வேனும் ஒன்றரை வயதுக் குழந்தையும்

செப்டம்பர் வந்தால் அங்கன்வாடி வாசலில் பெரிய கோலம் விழும். கோலத்தைச் சுற்றி முருங்கைக்கீரை, பப்பாளி, கேழ்வரகு, நிலக்கடலை, ஒரு தட்டில் அவித்த முட்டை. தாய்மார்களை உட்கார வைத்து எதை, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். படம் எடுத்துச் செயலியில் ஏற்றுவார்கள். 2018 முதல் இதற்குப் பெயர் தேசிய ஊட்டச்சத்து மாதம். கோலம் போடுவதும் படம் ஏற்றுவதும் குறைந்த சம்பளத்தில் பத்து வேலை பார்க்கும் அங்கன்வாடிப் பணியாளர்தான். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனக்குச் சண்டை அந்தக் கோலத்தின் பின்னால் இருக்கும் எண்ணத்தோடு. குழந்தை மெலிந்திருந்தால் அம்மாவுக்கு விவரம் போதவில்லை என்று முடிவுகட்டும் எண்ணம் அது.

அந்த எண்ணத்தின் மேல்தான் ஒரு தேசியத் திட்டமே நிற்கிறது. 2018 மார்ச் 8 அன்று ராஜஸ்தானின் ஜுன்ஜுனுவில் பிரதமர் 'போஷன் அபியான்' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளின் விகிதத்தை ஆண்டுக்கு 2 சதவீதப் புள்ளி குறைப்பது, 2022க்குள் அதை 38.4 சதவீதத்திலிருந்து 25 சதவீதத்துக்குக் கொண்டுவருவது, ரத்தசோகையை ஆண்டுக்கு 3 புள்ளி குறைப்பது என்று இலக்கு வைத்தார்கள். 2022 வந்தபோது நாட்டின் கையில் இருந்தது 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அதில் உயரம் குன்றிய குழந்தைகள் 35.5 சதவீதம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே ரத்தசோகை 58.6 சதவீதத்திலிருந்து 67.1 சதவீதமாக ஏறியிருந்தது. இதற்கிடையில் திட்டத்தின் பெயர் 'போஷன் 2.0' ஆகிவிட்டது.

அதே கணக்கெடுப்பைச் சாதிவாரியாகப் பிரித்தால், உயரம் குன்றிய குழந்தைகள் பட்டியலினத்தவரிடையே 39 சதவீதம், பழங்குடியினரிடையே 41 சதவீதம். பட்டியலிலோ பிற்படுத்தப்பட்டோரிலோ வராத 'மற்றவர்'களிடையே 30. 2013இல் பொருளாதார அறிஞர் அரவிந்த் பனகாரியா ஒரு வாதம் வைத்தார். ஆப்பிரிக்காவின் ஏழை நாடுகளைவிட இந்தியாவில் குழந்தைகள் குட்டையாக இருப்பதாகக் கணக்கு வருவதே அளவுகோலின் கோளாறு, இந்திய உடம்பின் மரபணுவே வேறு என்பதுபோல அது போனது. அஸ்வினி தேஷ்பாண்டே, ராஜேஷ் ராமச்சந்திரன் இருவரின் ஆய்வு அந்த வாதத்தைச் சாதிக் கணக்கால் எதிர்கொண்டது. மேல்சாதி இந்துக் குழந்தைகளைத் தனியே எடுத்தால் அவர்களிடையே உயரக் குறைவு சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளின் சராசரியைவிடக் குறைவு. பட்டியலினக் குழந்தைகளை எடுத்தால் அதிகம். தீண்டாமை அதிகமாகக் கடைப்பிடிக்கப்படும் இடங்களில் பட்டியலினக் குழந்தைகளின் உயரம் மேலும் குறைகிறது. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் மரபணு எப்படி மாறும் என்பதற்கு எதிர்த்தரப்பில் பதில் இல்லை.

தோல் பதனிடும் தொழிலிலும் ஷூ கம்பெனிகளிலும் வேலை செய்யும் பெண்களைப் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய ஊர்கள். இங்கே குழந்தைகளின் நிலை என்ன என்று அரசின் புள்ளிவிவரத்தில் தேடிப்போனால் முதல் சுவர் அங்கேயே எழும்புகிறது. ஐந்தாவது கணக்கெடுப்பு 2017 நிலவரப்படி இருந்த மாவட்ட எல்லைகளை வைத்து நடந்தது. 2019இல் வேலூர் மூன்றாகப் பிரிந்து திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்கள் உருவானது அதில் ஏறவில்லை. ஆம்பூரின் குழந்தை பழைய ஒன்றுபட்ட வேலூரின் சராசரிக்குள் கரைந்துபோகிறது. மாவட்ட அறிக்கையில் சாதிப் பிரிவும் கிடையாது. தேசிய அளவில் சாதி தெரியும், மாவட்ட அளவில் தெரியாது. கலெக்டர் முடிவெடுப்பது மாவட்ட அளவில்தான்.

அதனால் இந்த ஊர்களுக்கு ஒரு சதவீதக் கணக்கை என்னால் தர முடியாது. நேரக் கணக்கைத் தர முடியும்.

காலை ஆறரை, ஏழு மணிக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களின் காலனி முனையில் ஷூ கம்பெனி வேன் வந்து நிற்கும். ஏறும் பெண்களில் பெரும்பாலோர் இளம் வயது, பெரும்பாலோர் ஆதிதிராவிடர். நகரத்தின் இஸ்லாமியப் பெண்களும் இந்தத் தொழிலில் உண்டு. மாலை இறங்கும்போது ஆறரை. சீசனில் ஓ.டி. இருந்தால் இன்னும் தாமதம். ஆக வீட்டில் இல்லாத நேரம் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு கெட்டியான உணவும் தொடங்க வேண்டும். ஒன்பது மாதம் ஆகிவிட்டால் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வேளை, இடையில் ஓரிரு தடவை ஏதாவது கொடுக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அந்த வேளைகள் எல்லாம் வேன் போய்த் திரும்புவதற்கு நடுவில்தான் வருகின்றன.

பேரணாம்பட்டு பக்கம் ஒரு காலனியில் பேத்தியை மடியில் வைத்திருந்த ஆயாவிடம் கேட்டேன். "அவ காலையில பால் குடுத்துட்டு வேன் ஏறிடுவாம்மா. அப்புறம் நான்தான். கஞ்சி குடுத்தா துப்பிடுது. பிஸ்கெட்ட டீயில நனைச்சுக் குடுத்தா தின்னுது. எனக்கும் கண்ணு செரியா தெரியல, இன்னா பண்றது சொல்லு?" வீட்டில் அரசு தந்த சத்துமாவு பொட்டலம் இருந்தது. மாவைக் கொழுக்கட்டையாகப் பிடித்து வேகவைத்து மசித்து, குழந்தை துப்பத் துப்பப் பொறுமையாக ஊட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அந்த நேரத்தில் ஐரோப்பாவுக்குப் போகும் ஷூவுக்கு மேல்பாகம் தைத்துக்கொண்டிருக்கிறாள். ஆயாவின் மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அவரும் நாற்பது ஆண்டு கூலி வேலை செய்து உடம்பு தேய்ந்தவர்.

ஒரு குழந்தையின் உயரம் குன்றுவது பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. அப்போது இழந்த உயரம் பின்னால் முழுதாகத் திரும்புவதில்லை. தமிழ்நாட்டின் பெருமைக்குரிய உணவுத் திட்டங்கள் எந்த வயதில் குழந்தையைத் தொடுகின்றன என்று பாருங்கள். 1920இல் நீதிக்கட்சி காலத்துச் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் போட்ட சோறு, 1956இல் காமராசர் தொடங்கியது, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கியது, கலைஞர் முட்டை சேர்த்தது, 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய காலை உணவு. இவற்றின் முதன்மைக் களம் பள்ளிக்கூடம். இந்தத் திட்டங்கள் இல்லாவிட்டால் நானும் என் தலைமுறையில் பலரும் படித்திருக்க மாட்டோம். ஆனால் ஐந்து வயதில் தட்டோடு வரிசையில் நிற்கும்போது அந்தக் குழந்தையின் உயரம் ஏற்கெனவே பெருமளவு தீர்மானமாகிவிட்டது. அங்கன்வாடியும் நடைமுறையில் இரண்டு வயது நிரம்பிய பிள்ளைகளைத்தான் உட்கார வைக்கிறது. அதற்குக் கீழே உள்ளவர்களுக்குப் பொட்டலம் வீட்டுக்குப் போகும். மாலை நான்கு மணிக்கு அங்கன்வாடி பூட்டியிருக்கும். வேன் வர இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கும். 2022 மே மாதம் ஊட்டியில் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் ஆறு வயதுக்குட்பட்ட மெலிந்த குழந்தைகளைத் தேடிப் போகிறது. நல்ல தொடக்கம்தான். ஆனால் அதுவும் கடைசியில் ஒரு பெட்டகத்தை அம்மாவின் கையில்தான் கொடுக்கிறது. அம்மாவின் நேரத்தைக் கொடுக்கவில்லை.

தேசிய அளவிலும் இதே ஓட்டைதான். ஆறு மாதம் முதல் 23 மாதம் வரையிலான குழந்தைகளில் போதுமான உணவு கிடைப்பவர்கள் ஐந்தாவது கணக்கெடுப்பின்படி சுமார் 11 சதவீதம்.

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. 1948இன் தொழிற்சாலைச் சட்டம், 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, 50 பேருக்கு மேல் இருந்தால் காப்பகம், ஒரு நாளைக்கு நான்கு தடவை அங்கே போய்க் குழந்தையைப் பார்க்க அனுமதி என்று சொன்னது. 26 வாரம் என்பது ஆறு மாதம். அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஆக, தாய்ப்பால் மட்டும் போதாது, கெட்டியாக ஊட்டத் தொடங்க வேண்டும் என்கிற வாரத்தில், அல்லது அதற்கும் முன்பே, அம்மா திரும்ப வேன் ஏறுகிறாள். அதற்கு மேல் காப்பகம்தான் பாலம் ஆக வேண்டும்.

ஆனால் நான் பேசிய பெண்களில் குழந்தையைக் கம்பெனிக்குத் தூக்கிப்போனவர் யாரும் இல்லை. நெருக்கியடித்து உட்காரும் வேனில் இருபது, முப்பது கிலோமீட்டர் கைக்குழந்தையோடு போக முடியாது. நுழைவுவாயிலில் விரல்ரேகை வைக்கும் அவசரத்தில் முடியாது. லைனில் பீஸ் கணக்கு ஓடும்போது நான்கு தடவை எழுந்துபோனால் சூப்பர்வைசர் என்ன பேசுவார் என்று அவர்களுக்குத் தெரியும். காப்பகம் என்று பெயர்ப்பலகை வைத்த ஓர் அறை இருந்தால், வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பும் தணிக்கையாளர் வந்து பார்த்து ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போகலாம். குழந்தை ஆயாவின் மடியிலேயே இருக்கும்.

வீட்டிலிருந்தே ஷூ மேல்பாகத்தைக் கையால் தைக்கும் பெண்களுக்கு இந்த அறைகூட இல்லை. ஏஜென்ட் வண்டியில் மூட்டை கொண்டுவந்து போடுவார். ஜோடிக்குச் சில ரூபாய் கூலி. வீட்டில்தானே இருக்கிறார்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாமே என்று படித்தவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கையில் ஊசியும் மெழுகு நூலும் இருக்கும்போது தவழும் குழந்தையைப் பக்கத்தில் விட முடியாது. எத்தனை ஜோடி முடிக்கிறார்களோ அவ்வளவுதான் காசு என்பதால் ஊட்டும் ஒவ்வொரு வேளையும் கூலிவெட்டு. இவர்களுக்கு மகப்பேறு விடுப்பு கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது, எந்தக் கம்பெனியின் பதிவேட்டிலும் பெயர் கிடையாது.

1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதா வந்தபோது அண்ணல் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றார். அந்தச் சுமையைப் பெருமளவு அரசு ஏற்க வேண்டும். அதே சமயம் பெண்களை வேலைக்கு வைப்பதால் முதலாளி தனி ஆதாயம் அடைகிறார், ஆகவே ஒரு பகுதிச் செலவு அவர்மேலும் விழுவது நியாயம் என்பது அவர் வாதம். ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து ஆம்பூரில் அந்த வாதத்தை அப்படியே எடுத்து வைக்கலாம். ஷூ கம்பெனிகள் பெண்களைத் தேடித்தேடி எடுப்பது, விரல் நுணுக்கத்தோடு அவர்களின் கூலி குறைவு என்பதாலும்தான். அந்த ஆதாயத்தில் குழந்தைக்கு என்ன பங்கு?

அரசு தன் பங்கைச் சுருக்கிக்கொண்டே வந்திருக்கிறது. வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளுக்கான தேசியக் காப்பகத் திட்டத்தில் ஒன்றிய அரசு 90 சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்தது. 2017இல் அதை 60 ஆக்கி, மீதியை மாநிலங்கள்மீதும் தொண்டு நிறுவனங்கள்மீதும் தள்ளியது. ஒரு காலத்தில் 20 ஆயிரத்துக்கு மேல் இருந்த காப்பகங்கள் 2020 வாக்கில் ஆறாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கின. இப்போது 'பால்னா' என்ற புதுப்பெயரில் அங்கன்வாடியோடு சேர்த்துக் காப்பகம் என்கிறார்கள். இங்கே மாநில அரசும் லேசுப்பட்டதில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கொதித்ததும் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அந்தப் பத்து நாள் விவாதத்தில் தொழிலாளியின் உடம்பைப் பற்றி நிறையப் பேசினோம். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்டில் இருக்கும் அம்மாவின் குழந்தை எத்தனை வேளை சாப்பிடும் என்ற கேள்வி நம் பக்கத்திலிருந்தும் பெரிதாக எழவில்லை.

செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை. சத்தீஸ்கரில் பிலாஸ்பூரை அடுத்த கனியாரியில் இயங்கும் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் மருத்துவர்கள், பழங்குடிக் கிராமங்களில் 'புல்வாரி' என்று காப்பகங்கள் நடத்துகிறார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கு, அதே ஊர்ப் பெண்கள் பார்த்துக்கொண்டு, பகலில் பல தடவை சமைத்து ஊட்டுகிறார்கள். ஆம்பூரிலிருந்து சில மணி நேரத்தில் எட்டிவிடும் கர்நாடகத்தில் 2023இல் 'கூசின மனெ' என்ற பெயரில் கிராமப் பஞ்சாயத்துகளில் காப்பகம் அமைக்கத் தொடங்கினார்கள், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளை மனதில் வைத்து. இரண்டிலும் காப்பகம் வேலையிடத்தில் இல்லை, குழந்தை இருக்கும் ஊரில் இருக்கிறது. தோல் பகுதிக்கும் அதுதான் பொருந்தும்.

ஊர் என்று சொல்லும்போது ஜாக்கிரதையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுகதேவ் தோரட்டும் ஜோயல் லீயும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் 531 கிராமங்களைப் பார்த்தது. தமிழ்நாட்டில் மதிய உணவு பரிமாறப்படும் இடங்களில் பெரும்பாலானவை தலித் குடியிருப்புக்கு வெளியே இருந்தன. 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சமையலர் பணியில் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உத்தரவிட்டது. அதற்குப் பிறகு 2018இல் அவிநாசி பக்கம் ஒரு தலித் சமையலரை மாற்றச் சொல்லிச் சாதி இந்துப் பெற்றோர் பள்ளியை மறித்தார்கள். 2023இல் காலை உணவு விரிவானபோது கரூரிலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் அதே கதை. காப்பகம் ஊர்த்தெருவில் வந்தால் காலனிக் குழந்தை அங்கே போகாது. காலனியில் வர வேண்டும், காலனிப் பெண்களே சம்பளத்தோடு நடத்த வேண்டும்.

அங்கே என்ன சமைப்பது என்பதிலும் சாதி வந்து உட்காரும். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூர் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு அரங்கம் இல்லை என்றார்கள். தலித், இஸ்லாமிய அமைப்புகள் எதிர்த்தன. வெளியே மாட்டுக்கறி பிரியாணி இலவசமாகத் தருவோம் என்ற அறிவிப்பும் வந்தது. மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். இது பாகுபாடு ஆகாதா என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. இந்த மாவட்டத்தின் தொழிலே மாட்டுத்தோலையும் ஆட்டுத்தோலையும் வைத்துத்தான். தோல் போனால் அந்நியச் செலாவணி. கறி என்றால் மட்டும் அரசுக்குக் கூச்சம்.

இதில் உணர்ச்சிப் பிரச்சினை மட்டும் இல்லை. உடம்பு எளிதில் உறிஞ்சும் இரும்புச்சத்தும், செடிகொடிகளில் கிடைக்காத பி12 வைட்டமினும் மாட்டுக்கறியில் இருக்கின்றன. கூலிக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பதும் அதுதான். ஐந்தாவது கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேல், 53 சதவீதம் பேர், ரத்தசோகையில் இருக்கிறார்கள். ஒன்றிய அரசின் பதில், 2021 ஆகஸ்ட் 15 செங்கோட்டை உரையில் அறிவித்தபடி, ரேஷன் அரிசியிலும் சத்துணவு அரிசியிலும் இரும்புச்சத்தைக் கலந்து தருவதாக இருந்தது. அரிசிக்குள் இரும்பைத் திணிக்கத் தெரிந்த அரசுக்கு, மக்கள் ஏற்கெனவே சாப்பிடும் கறியைப் பற்றி வாய் திறக்க முடியவில்லை. முட்டைக்கே பல மாநிலங்களில் இந்தக் கதிதான். 2015இல் மத்தியப் பிரதேச முதல்வர் சிவராஜ் சிங் சௌகான் அங்கன்வாடியில் முட்டை கூடாது என்றார். தேசியத் திட்டமோ, முட்டை போடுவது மாநிலங்களின் விருப்பம் என்று ஒதுங்கிக்கொள்கிறது.

தண்ணீரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். வேலூர் சி.எம்.சி. உலகின் எட்டு இடங்களில் நடந்த 'மால்-எட்' ஆய்வில் ஒரு மையம். வேலூர் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்தே தொடர்ந்து கவனித்தார்கள். வயிற்றுப்போக்கு வெளியே தெரியாமலேயே குடலில் கிருமிகள் குடியிருப்பதும், அதற்கும் உயரக் குறைவுக்கும் தொடர்பு இருப்பதும் அந்த எட்டு இடங்களின் தரவிலிருந்து தெரிந்தது. ஊட்டினாலும் ஒட்டாத குடல். இந்தப் பகுதியின் நிலத்தடி நீர் தோல் ஆலைக் கழிவால் கெட்டதைப் பற்றி 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டைக் கொடுத்து முடிக்கச் சொல்லி 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. கழிவுநீர் குழந்தையின் உயரத்தை நேரடியாக எவ்வளவு பாதித்தது என்று அளந்து சொல்லும் தரவு என்னிடம் இல்லை. ஆனால் குடிக்கும் நீருக்கே காசு கொடுக்கும் வீட்டில் முட்டைக்கான காசு குறையும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

நம் தோழர்களிடம் ஒரு சங்கடமான விஷயத்தையும் பேச வேண்டும். இங்கே ஆலை முதலாளிகளில் கணிசமானோர் இஸ்லாமியர்கள். மாட்டுக்கறி அரசியலில் நாமும் அவர்களும் ஒரே பக்கம் நிற்கிறோம். நிற்கவும் வேண்டும். அதனாலேயே கூலியையும் காப்பகத்தையும் பற்றி அவர்களிடம் கேட்க நம் மேடைகள் தயங்குகின்றன. திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்காக நம்மோடு குரல் கொடுத்தவரிடம், மறுநாள் உங்கள் லைனில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் குழந்தைக்கு என்ன ஏற்பாடு என்று கேட்பது துரோகம் ஆகாது. வேனில் ஏறும் இஸ்லாமியப் பெண்ணுக்கும் அதே கேள்விதான். அவர்களுக்கு மேலே, இந்த ஷூக்களைப் பல மடங்கு விலைக்கு விற்கும் ஐரோப்பிய நிறுவனங்களிடமும் கேட்க வேண்டும்.

என் கோரிக்கை இதுதான். ஏற்றுமதியாகும் ஒவ்வொரு ஜோடி ஷூவுக்கும் ஒரு சிறு தொகையைத் தீர்வையாகப் பிடித்து, மாநில அரசும் ஒன்றிய அரசும் தங்கள் பங்கைச் சேர்த்து, ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்குக் காலனியிலேயே முழுநாள் காப்பகம் நடத்த வேண்டும். வேன் புறப்படும் முன் திறந்து, வேன் திரும்பிய பின் மூட வேண்டும். வீட்டிலிருந்து தைப்பவரின் குழந்தைக்கும் இடம் வேண்டும். தினம் முட்டை வேண்டும். 2025 ஜூலையிலிருந்து சத்துமாவு வாங்க வரும் தாயின் முகத்தைச் செயலியில் ஸ்கேன் செய்து சரிபார்க்கிறார்கள். அந்த அளவுக்குத் தொழில்நுட்பம் இருப்பவர்களால் மாவட்ட வாரியாக, சாதி வாரியாகக் குழந்தைகளின் உயரத்தை வெளியிடவும் முடியும்.

முதல் காப்பகங்களை எங்கே தொடங்குவது என்று குழு போட்டு ஆராயத் தேவையில்லை. எந்தெந்தக் காலனி முனையில், எத்தனை மணிக்கு, எத்தனை பெண்களை ஏற்றிக்கொள்ள வேன் நிற்கிறது என்ற பட்டியல் ஒவ்வொரு ஷூ கம்பெனியின் போக்குவரத்துப் பிரிவிலும் இருக்கிறது. தொழிலாளர் துறை அதைக் கேட்டு வாங்கினால் போதும்.